கல்லூரி விளையாட்டு வீரரும் நடுநிலை விசாரணையும்

விளையாட்டுப் போட்டி எதுவாயினும் அதற்கு மத்தியஸ்தர் ஒருவர் வேண்டும் என்பதும், அவர் ஆடும் இரு கட்சியாருள் எவரையும் சாராதவராயிருத்தல் வேண்டும் என்பதும் பாடசாலைச் சிறுவரும் அறிந்த விதிகளாம். ஒரு கட்சியின் வெற்றியினால் இலாபமடைபவர் ஊதுகுழலைக் கையிலேந்தி நிற்பாராயின், அவ்வாட்டத்தை ஆட்டமென எவரும் மதியார். மைதானத்தில் இத்துணை எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட இவ்விதி, அம்மைதானத்தில் ஆடும் மாணவர்மீது ஒழுக்கக்கேடு பற்றிய குற்றச்சாட்டு எழும்போது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. அவரை விசாரிக்க முற்படுவோர், அவரது வெற்றியினால் நன்மை பெறுவோராகவோ அவரைக் கைவிடுவதனால் தம் பெயரைக் காத்துக்கொள்ள விரும்புவோராகவோ இருப்பதை வரலாற்றிற் பல இடங்களிற் காணலாம்.

கல்லூரி விளையாட்டு பெருஞ் செல்வத்தையும் பெரும் புகழையும் ஈட்டித்தரும் துறையாக வளர்ந்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். ஆகவே இப்பிரச்சினையின் முழு உருவத்தையும் அந்நாட்டின் வரலாற்றிலேயே தெளிவாகக் காண முடிகின்றது. வயோமிங் பல்கலைக்கழகத்தில் 1969ஆம் ஆண்டிலும், டியூக் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டிலும், பெய்லர் பல்கலைக்கழகத்தில் 2016ஆம் ஆண்டிலும் வெளிப்பட்ட மூன்று நிகழ்ச்சிகள் ஈண்டு ஆராயப்படுகின்றன. அவற்றிற்கு முன்னர், அவற்றை அளத்தற்குரிய அளவுகோல் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

நீதியின் இரு விதிகள்

இயற்கை நீதி என்று சட்ட அறிஞர் வழங்குவது இரண்டு விதிகளைக் கொண்டது. தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாதல் ஆகாது என்பது ஒன்று. எதிர்த்தரப்பின் சொல்லையும் கேளாது தீர்ப்பளித்தல் ஆகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆங்கிலச் சட்டத்தில் விளக்கம் பெற்ற புகழ்பெற்ற வழக்குகள், கழகமொன்று தனிமனிதர்மீது செலுத்திய அதிகாரத்தினின்றும் எழுந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

தோமஸ் பொன்ஹம் என்னும் வைத்தியர் உத்தரவுப்பத்திரம் பெறாது இலண்டனில் வைத்தியஞ் செய்தார் என்று வைத்தியர் கழகம் அவருக்குத் தண்டம் விதித்துச் சிறையிலும் இட்டது. அவ்வழக்கை 1610ஆம் ஆண்டு தீர்த்த பிரதம நீதியரசர் எட்வேட் கோக், தண்டப்பணத்தின் ஒரு பகுதி அக்கழகத்தையே சேர்வதனால், தண்டம் விதிக்கும் நீதிபதியாகவும் அதனைப் பெறும் கட்சியாகவும் அக்கழகம் ஒருங்கே இருத்தல் பொருந்தாதெனக் காட்டினார்.

இரண்டாம் விதியை நிலைநாட்டியது கேம்பிறிட்ஜ்ப் பல்கலைக்கழகத்து வழக்காகும். திரித்துவக் கல்லூரியின் தலைவரும் கிரேக்க இலத்தீன் மொழிகளில் துறைபோனவருமான றிச்சட் பென்ற்லி, பல்கலைக்கழக மன்றத்தை அவமதித்தார் என்னும் காரணங்காட்டி 1718ஆம் ஆண்டில் அவரது பட்டங்கள் பறிக்கப்பட்டன. அவருக்கு அழைப்பாணை அனுப்பப்படவுமில்லை. அவரது விளக்கம் கேட்கப்படவுமில்லை. 1723ஆம் ஆண்டில் அரச நீதிமன்றம் அப்பட்டங்களை மீள வழங்குமாறு பணித்தது. இறைவனுங்கூட ஆதாமைத் தண்டிக்குமுன் அவனை அழைத்து அவன் சொல்வதைக் கேட்டான் என்று நீதியரசருள் ஒருவர் அப்போது எடுத்துக்காட்டியது சட்ட நூல்களிலே இன்றும் பேசப்படுகின்றது. பென்ற்லி இனிய குணம் வாய்ந்தவரல்லர். அவரை வெறுத்தோர் பலர். எனினும் வெறுக்கப்படுபவருக்கும் உரியது விசாரணை என்பதே அவ்வழக்கு உலகிற்கு அளித்த பாடமாகும்.

இவ்வரலாற்றிலே இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் பரீட்சை வினாத்தாளின் ஒரு பகுதியை முன்னரே அறிந்திருந்தார் என்று சகமாணவி ஒருவர் முறையிட்டார். உபவேந்தரை உள்ளிட்ட விசாரணைக் குழு அம்மாணவரைக் குற்றவாளியெனக் கண்டது. அவர் பரீட்சைகளுக்குத் தோற்றுதல் தடுக்கப்பட்டது. முறையிட்டவரின் சாட்சியம் அவர் இல்லாதபோதே பெறப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் மாணவரின் பக்கஞ் சார்ந்தது. ஆயினும் 1960ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. குற்றச்சாட்டின் சாரம் மாணவருக்கு அறிவிக்கப்பட்டதென்றும், மறுமொழி கூற வாய்ப்பளிக்கப்பட்டதென்றும், முறையிட்டவரைக் குறுக்கு விசாரணை செய்ய அவர் கேட்கவில்லையென்றும் அது கண்டது. குற்றச்சாட்டை அறிவித்தல், மறுமொழி கூற இடமளித்தல், விசாரிப்போர் நல்லெண்ணத்துடன் நடத்தல் என்பன கல்விக்கழகமொன்று கைக்கொள்ள வேண்டிய குறைந்த அளவு என்பது அத்தீர்ப்பினாற் பெறப்படும். அது பொதுநலவாய நாடுகளின் சட்ட நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவிலும் இத்தகைய தீர்ப்பொன்று பிறந்தது. அலபாமா மாநிலத்து மொன்ற்கொமெரி நகரிலே, வெள்ளையர்க்கே உணவளித்த நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலையில் 1960 பெப்ரவரியில் அமர்ந்து உணவு கேட்ட கறுப்பின மாணவருள் ஒன்பது பேர், அறிவித்தலோ விசாரணையோ இன்றித் தம் அரச கல்லூரியினின்றும் நீக்கப்பட்டனர். அரசின் பணத்தால் நடைபெறும் கல்லூரி, மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டை அறிவித்து அவர்தம் பக்கத்தைக் கேட்டல் வேண்டும் என 1961ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1975ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், பத்து நாள்வரை இடைநிறுத்தப்படும் பாடசாலை மாணவருக்கும் இதனை ஒத்த உரிமை உண்டென ஐவர் நால்வர் என்ற அளவிலே முடிவுசெய்தது.

இங்ஙனம் வகுப்பறையின் வாயில்வரை வந்த நீதி, மைதானத்தின் எல்லையில் நின்றுவிட்டது. கல்வி பெறுதல் உரிமையென்றும், கல்லூரி அணியில் ஆடுதல் சலுகையேயென்றும் அமெரிக்க நீதிமன்றங்கள் பல கருதிவந்தன. கல்லூரியினின்றும் மாணவரை நீக்க விசாரணை வேண்டும். அணியினின்றும் நீக்கப் பயிற்றுநரின் ஒரு சொல்லே போதும். மேலும், மேற்கூறிய அரசியலமைப்புக் காப்பு அரச நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். டியூக், பெய்லர் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களை நேரே கட்டுப்படுத்தாது. இவ்விரு இடைவெளிகளிலுமே பின்வரும் நிகழ்ச்சிகள் தோன்றின.

வயோமிங், 1969

வயோமிங் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி 1966 முதல் 1968 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து தன் வட்டாரத்தின் வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றிருந்தது. 1969 ஒக்டோபரில் முதல் நான்கு ஆட்டங்களிலும் வென்று, பிறிகம் யங் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தை அது எதிர்நோக்கி நின்றது. எதிரணியின் பல்கலைக்கழகத்தை நடத்திய மோர்மன் திருச்சபை அக்காலத்திற் கறுப்பினத்தவருக்குக் குருத்துவப் பதவி வழங்க மறுத்துவந்தது. அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கும் முறை பற்றிப் பயிற்றுநர் லொயிட் ஈற்றனுடன் பேசுதற்கு, ஒக்டோபர் 17ஆந் திகதி அணியின் கறுப்பின வீரர் பதினால்வரும் கையிற் கறுப்புப் பட்டி அணிந்து ஒருங்கே சென்றனர். ஆர்ப்பாட்டங்களில் வீரர் கலந்துகொள்ளலாகாது என்பது பயிற்றுநரின் கட்டளை. தாம் சொல்ல வந்ததைச் சொல்லவும் இடங்கொடாது, அவ்விடத்திலேயே பதினால்வரையும் அவர் அணியினின்றும் நீக்கினார் என்பது வீரர் தரும் வரலாறு.

அன்றிரவு பல்கலைக்கழகத்தின் பொறுப்பாளர் சபை கூடியது. மாநில ஆளுநரும் வந்து கலந்துகொண்டார். நள்ளிரவு கடந்தும் நீண்ட அக்கூட்டத்தில் வீரரும் பயிற்றுநரும் வெவ்வேறாக அழைத்துக் கேட்கப்பட்டனர். முடிவில் நீக்கம் உறுதிசெய்யப்பட்டது. மறுநாள் அணி 40க்கு 7 என்ற கணக்கில் வென்றது. பார்த்திருந்தோர் பலர் பயிற்றுநரை வாழ்த்தினர். ஆனால் அப்பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் அணி தோற்றது. 1970இல் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்றிலேயே வென்றது. அப்பருவத்துடன் ஈற்றனின் பயிற்சிப்பணியும் முடிவெய்தியது. வீரர் தொடுத்த வழக்கு 1972ஆம் ஆண்டில் மேன்முறையீட்டிலும் தோல்வியுற்றது. திருச்சபை தன் தடையை 1978இல் நீக்கியது. பல்கலைக்கழகம் அவ்வீரரிடம் முறைப்படி மன்னிப்புக் கோரியது 2019ஆம் ஆண்டிலேயாம். இளைஞராய் நீக்கப்பட்டோர் முதியோராய் அம்மன்னிப்பைப் பெற்றனர். அதற்குள் உயிர்நீத்தோரும் உளர்.

இந்நிகழ்ச்சியிற் கட்டளையை இட்டவரும், அது மீறப்பட்டதென முறையிட்டவரும், தண்டனை விதித்தவரும் ஒருவரே. பொறுப்பாளர் சபை வீரரைக் கேட்டது உண்மையே. ஆயினும் தண்டனை விதிக்கப்பட்ட பின்னர், மறுநாள் ஆட்டத்தின் நெருக்கடியில், பெரும்புகழ் பெற்ற பயிற்றுநரைக் கைவிடுவதா என்னும் வினாவை முன்வைத்து நடந்த விசாரணை அது. தீர்ப்பின்பின் வரும் விசாரணை, தீர்ப்பைக் காக்கும் விசாரணையாகவே முடிதல் இயல்பு.

டியூக், 2006

வட கரோலைனா மாநிலத்து டேர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ரோஸ் அணி, 2005ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் இறுதியாட்டம்வரை சென்ற அணியாகும். 2006 மார்ச் 13ஆந் திகதி இரவு, அணி வீரர் சிலர் வசித்த வீட்டில் மதுவிருந்தொன்று நடந்தது. அங்கு நடனமாட அமர்த்தப்பட்ட கறுப்பினப் பெண்ணொருவர், வீரர் மூவர் தம்மைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்தினர் என்று முறையிட்டார். செல்வ மாணவர் பயிலும் பல்கலைக்கழகம், வறியோர் பலர் வாழும் நகரம், வெள்ளையர் கறுப்பர் என்னும் பழம் பிளவு ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்து அம்முறைப்பாட்டை நாடெங்கும் பேசுபொருளாக்கின.

வெள்ளையரான வீரர் நாற்பத்தறுவரும் மரபணுச் சோதனைக்கு உட்பட்டனர். எவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. பின்னர் அப்பெண்ணிடம் காட்டப்பட்ட நிழற்படங்கள் யாவும் அணி வீரருடையனவே. குற்றத்தோடு தொடர்பற்ற பிறரின் படங்களைக் கலந்து காட்டுதல் விசாரணை முறை. அம்முறை கைவிடப்பட்டமையால், அவர் எப்படத்தைச் சுட்டினும் அது குற்றவாளியின் படமாகவே கொள்ளப்படும் நிலை ஏற்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட மூவருள் ஒருவர், சம்பவம் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட வேளையில் வாடகை வண்டியிலும் வங்கிப் பணப்பொறியிலும் இருந்தமைக்குச் சான்றுகளை வைத்திருந்தார். வழக்குத்தொடுநர் மைக் நைபோங் அவ்வேளையில் தேர்தலுக்கு நின்றுகொண்டிருந்தார். வேறு ஆடவரின் மரபணு காணப்பட்டது என்னும் உண்மையை அவர் எதிர்த்தரப்புக்கு மறைத்தமை 2006 டிசம்பரில் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது.

பல்கலைக்கழகம் என்ன செய்தது? முதலில் அணியின் ஆட்டங்களை இடைநிறுத்தியது. உண்மை தெளியும்வரை அது செய்யத்தக்கதே. ஆனால் வீரர் ஒருவர் எழுதிய அருவருக்கத்தக்க மின்னஞ்சல் வெளியானதும், ஏப்ரல் 5ஆந் திகதி அப்பருவம் முழுவதையும் இரத்துச் செய்தது; பயிற்றுநரும் அன்றே பதவி விலகினார். அப்போது எவர்மீதும் வழக்குப் பதிவாகியிருக்கவில்லை. அடுத்த நாள் ஆசிரியர் எண்பத்தெண்மர் மாணவர் பத்திரிகையில் வெளியிட்ட விளம்பரத்தைத் தம்மீதான கண்டனமாகவே வீரர் கொண்டனர்.

இவற்றினிடையே நிதானமாய் நடந்த செயலொன்றும் உண்டு. சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமைந்த குழுவொன்று அணியின் முன்னைய நடத்தையை ஆராய்ந்து மே மாதத் தொடக்கத்தில் அறிக்கை தந்தது. மதுவருந்திச் செய்த குறும்புகளும் ஒழுங்கீனங்களும் பல உண்டென அது ஒளிவின்றிக் கூறியது. இனவெறியோ பாலியல் வன்முறையோ அவர்தம் பழைய பதிவிற் காணப்படவில்லையென்றும் கூறியது. ஒழுங்கீனம் வேறு, பெருங்குற்றம் வேறு. ஒன்றுக்குச் சான்று இருப்பதனால் மற்றதும் நிறுவப்பட்டதாகாது. ஆரவாரத்தில் ஏனையோர் மறந்த இவ்வேறுபாட்டை அக்குழு மறக்கவில்லை.

2007 ஏப்ரல் 11ஆந் திகதி மாநிலச் சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட்டதோடமையாது, மூவரும் நிரபராதிகள் என்றும் அறிவித்தார். நைபோங் அவ்வாண்டு ஜூனில் சட்டத்தொழிலினின்றும் நீக்கப்பட்டார். பின்னர் ஒருநாட் சிறைத்தண்டனையும் பெற்றார். பல்கலைக்கழகத் தலைவர் றிச்சட் புறோட்ஹெட் செப்டெம்பரில் மன்னிப்புக் கேட்டார். முறையிட்ட பெண் தாம் கூறியது பொய்யென வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2024 டிசம்பரிலாகும்.

பெய்லர், 2016

டியூக் நிகழ்ச்சியை மட்டும் அறிந்தோர், வீரர்மீது வரும் முறைப்பாடுகளை ஐயத்தோடு நோக்குதலே நீதியெனக் கொள்ளுதல் கூடும். அம்முடிவு எத்துணைத் தவறானது என்பதை டெக்சாஸ் மாநிலத்துப் பெய்லர் பல்கலைக்கழகம் காட்டியது. பப்ரிஸ்து சபையினரின் பழம்பெரும் நிறுவனமாகிய அப்பல்கலைக்கழகம், ஆட் பிறைல்ஸ் என்னும் பயிற்றுநரின் கீழ் உதைபந்தாட்டத்தில் நாடறிந்த அணியைப் பெற்றது. அவ்வெற்றிக் காலத்திலேயே வீரர் சிலர்மீது பெண்கள் பாலியல் வன்கொடுமை முறைப்பாடுகளைக் கொணர்ந்தனர். முன்னாள் வீரர் ஒருவர் 2014ஆம் ஆண்டில் நீதிமன்றத்தாற் குற்றவாளியெனக் காணப்பட்டு இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

பல்கலைக்கழகம் அமர்த்திய சட்ட நிறுவனத்தின் ஆய்வு முடிவுகள் 2016 மே மாதத்தில் வெளியாயின. முறைப்பாடுகளை உரிய அதிகாரிகளுக்கு அனுப்பாது, உதைபந்தாட்டப் பகுதியினரே பயிற்சியின்றித் தாமாக விசாரணை நடத்தினர் என்றும், முறையிட்டோரை நேரிற் கண்டு பேசி அவர்தம் சொல்லை மதிப்பிழக்கச் செய்தனர் என்றும், அதனால் நடுநிலையான விசாரணை பெறும் வாய்ப்பை அப்பெண்கள் இழந்தனர் என்றும் அவை கூறின. பயிற்றுநர் நீக்கப்பட்டார்; பல்கலைக்கழகத் தலைவர் கெனத் ஸ்ரார் தலைமைப் பதவியை இழந்தார். எனினும் சட்ட நிறுவனம் தன் ஆய்வை வாய்மொழியாகவே சபைக்கு உரைத்தது; பொதுமக்கள் கண்டது சிறிய சுருக்கமே. ஆகவே யார் எதனைச் செய்தார், யார் எதனைச் செய்யாது விட்டார் என்னும் தெளிவு முறையிட்டோருக்கும் கிட்டவில்லை; பதவியிழந்தோருக்கும் கிட்டவில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும், பெய்லரின் அத்தவறுகள் தன் விளையாட்டு விதிகளுக்குட்பட்டவையல்ல என்று 2021ஆம் ஆண்டில் முடிவுசெய்தது.

மூன்றும் காட்டும் உண்மை

வயோமிங்கிலே வீரர் கேட்கப்படாது தண்டிக்கப்பட்டனர். டியூக்கிலே உண்மை தெளியுமுன் கைவிடப்பட்டனர். பெய்லரிலே வீரருக்காக முறையிட்டோர் புறந்தள்ளப்பட்டனர். இவை ஒன்றுக்கொன்று மாறுபட்டனபோலத் தோன்றினும் வேர் ஒன்றே. மூன்றிடத்தும், முடிவினால் நன்மையோ தீமையோ அடையவிருந்தவர் கையிலேயே முடிவு இருந்தது. ஒருவருக்குத் தம் கட்டளையின் பெருமை, ஒருவருக்குத் தேர்தல், ஒரு நிறுவனத்திற்கு ஊரார் வாய், இன்னொன்றிற்கு வெற்றிக்கிண்ணம். தண்டப்பணத்திற் பங்குபெறும் கழகம் தண்டம் விதித்தலாகாது என்று 1610ஆம் ஆண்டிற் கூறப்பட்ட நீதி, கல்லூரி மைதானத்திற்கு முற்றும் பொருந்துவதாகும்.

இதனினின்றும் மற்றோர் உண்மையும் பெறப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் செய்யும் நீதியும் முறையிட்டவருக்குச் செய்யும் நீதியும் ஒன்றையொன்று குறைப்பன என்னும் எண்ணம் பரவலாக உண்டு. பெய்லரில் ஒழுங்கான விசாரணை நடந்திருப்பின் முறையிட்ட பெண்களின் சொல் தக்க மதிப்பைப் பெற்றிருக்கும். குற்றமற்ற வீரர் எவரேனும் இருந்திருப்பின் அவர்மேற் படிந்த நிழலும் அகன்றிருக்கும். டியூக்கில் ஒழுங்கான விசாரணை தொடக்கத்திலேயே நடந்திருப்பின் மூவரின் ஓராண்டு வாழ்வு பாழாகியிராது; உண்மையாகவே துன்புற்றுப் பின்னாளில் முறையிட வரும் பெண்களின் சொல்லுக்கு எதிராக அவ்வழக்கு எடுத்துக்காட்டப்படும் நிலையும் தோன்றியிராது. இருவரையும் காப்பது ஒரே விசாரணையாம்.

இதனை விதிகளால் நிலைநாட்ட அமெரிக்க அரசு பலமுறை முயன்றுள்ளது. கல்வி நிறுவனங்களிற் பாலடிப்படையில் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், முறைப்பாடுகளை விரைந்து கவனிக்குமாறு வலியுறுத்தும் வழிகாட்டல் 2011இல் விடுக்கப்பட்டது. 2017இல் அது மீளப் பெறப்பட்டது. 2020இல் வந்த விதிகள், பல்கலைக்கழக விசாரணைகளில் இரு தரப்பினரும் தத்தம் துணைவர் வாயிலாக எதிர்த்தரப்பினரைக் குறுக்கு விசாரணை செய்ய இடமளித்தன. 2024இல் அவை மாற்றப்பட்டன. அம்மாற்றத்தை 2025 சனவரியில் நீதிமன்றமொன்று செல்லாதாக்கியது. ஆட்சி மாறுந்தோறும் விதியும் மாறுவதைக் காணும்போது, எழுத்திலுள்ள விதி மட்டும் போதாதென்பதும், அதனைக் கையாளுவோரின் நடுநிலையே முதன்மையானதென்பதும் புலனாகும்.

அந்நடுநிலைக்குப் பெரும் பொருளோ பெருஞ் சட்ட அறிவோ வேண்டுவதில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் அறிவித்தல். இரு தரப்பையும் தனித்தனியே பொறுமையோடு கேட்டல். அணியோடும் அதன் வெற்றியோடும் தொடர்பற்றவரிடம் விசாரணையை ஒப்புவித்தல். விசாரணை முடியும்வரை எடுக்கும் நடவடிக்கையைத் தற்காலிகமானதென வெளிப்படையாகக் கூறுதல். ஒழுங்கீனத்தையும் பெருங்குற்றத்தையும் வேறுபிரித்தல். முடிவிற்குரிய காரணத்தை இரு தரப்பினருக்கும் எழுத்தில் அளித்தல். இவை எந்தக் கல்லூரிக்கும் இயலுவன.

பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆராயாது கொலைத்தண்டம் விதித்த பாண்டியனின் கதையைத் தமிழ் மாணவர் இளமையிலேயே கற்கின்றனர். அம்மன்னன் கொடியவனல்லன், அவன் கேட்க வேண்டிய ஒருவனைக் கேளாது விட்டான், அவ்வளவே. வயோமிங்கின் பொறுப்பாளரும் டியூக்கின் தலைவரும் பிற்காலத்தில் மன்னிப்புக் கோரவேண்டி நேர்ந்தமை அதே பிழையின் விளைவாகும். கல்லூரியின் நற்பெயர் வெற்றிக்கிண்ணங்களாற் சில ஆண்டுகள் நிற்கும். தன் மாணவர் இருவர் முரண்பட்டு வந்து நின்றபோது இருவரையும் கேட்டது என்னும் பெயரோ தலைமுறை கடந்து நிற்கும். மைதானத்தில் மத்தியஸ்தரின் குழலோசைக்குக் கீழ்ப்படியக் கற்பிக்கும் கல்லூரி, மைதானத்திற்கு வெளியிலும் அத்தகைய மத்தியஸ்தர் ஒருவரைத் தன் மாணவருக்கு அளித்தல் கடமையாகும்.